இடித்துக்கொண்டேன்

ஜூன் 8, சனி

காலை எட்டு நாற்பதுக்கு, பாலம் ஏறுவதற்கு முன் இருக்கும் சிக்னலில் காரை இடித்துக்கொண்டேன். யாருக்கும் அடி இல்லை. பின் பம்பர் உள்ளே போய்விட்டது. டிக்கி மூட மறுக்கிறது. வலது பக்கச் சிவப்பு விளக்கு உடைந்து ரோட்டில் கிடந்தது, பெரிய துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை.

சிவப்பு விழுந்தது, நின்றேன். ஏற்றம் என்பதால் கை பிரேக் போட்டேன். ஐம்பத்தொரு வயதில் டிரைவிங் பள்ளியில் சேர்ந்தவள் நான், அங்கே சொல்லிக்கொடுத்த எதையும் இன்னும் விடவில்லை. சிக்னல் எண்கள் ஐம்பத்திரண்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. முப்பத்தொன்று வரும்போது பின்னால் பெரிய சத்தம். கழுத்து முன்னால் போய்த் திரும்பி வந்தது.

பின்னால் ஒரு பெரிய வெள்ளைக் கார். அதிலிருந்து இறங்கியவர் காதில் வைத்த போனை எடுக்காமலேயே, “என்னம்மா, இப்படியா திடீர்னு நிறுத்துவீங்க?” என்றார். நான் நின்று இருபத்தோரு விநாடி ஆகியிருந்தது. “சாரி சார்” என்றேன். பிறகுதான் அவர் என்னைச் சரியாகப் பார்த்தார். அட, நம்ம ஞானசேகரன் வீட்டம்மாவா என்றார். அவர் சிவநேசன். என் வீட்டுக்காரர் ரிடையரான பிறகு சூப்பர்வைசராக வேலை பார்க்கும் டைல்ஸ் ஷோரூமின் முதலாளி. ஆயுத பூஜைக்கு எனக்குச் சுண்டல் கொடுத்திருக்கிறார்.

இவருக்குப் போன் செய்து, “ஏங்க, காரை இடிச்சுக்கிட்டேன்” என்றேன். யார் வண்டியில் என்று கேட்டார். சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

தினசரி நாள்காட்டியில் இன்று என் கும்ப ராசிக்கு ‘சுகம்’ என்று போட்டிருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

கார் சாவி வழக்கமாக மாட்டும் ஆணியில் இல்லை. இவருடைய சட்டைப் பையில் இருக்கிறது. ‘ரெண்டு வருஷமா சொல்றேன், பொம்பளைக்கு எதுக்குக் கார்’ என்பதை மதியத்துக்குள் நான்கு முறை சொல்லிவிட்டார். இட்லிக்கு அரிசி ஊறப்போட்டேன். இடிச்ச புளி மாதிரி நிற்காதே என்றார். அதற்கும் அப்படியே நின்றேன்.

அந்தக் கார் ஒன்றுதான் என் பெயரில் இருக்கும் பொருள். வீடு இவர் பெயரில். நகைகள் மகள் மதுவின் கல்யாணத்துக்கு என்று லாக்கரில். காரை நான் தபால் ஆபீஸ் சம்பளத்தில் கடன் போட்டு வாங்கினேன். பழைய வண்டி, சின்ன வண்டி. காலை எட்டேகாலிலிருந்து ஒன்பது வரையிலும் மாலை ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரையிலும் அதற்குள் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. எனக்கு அது போதும்.

சர்க்கரை டப்பாவில் எறும்பு. வெயிலில் கொட்டி வைத்தேன்.

ஜூன் 10, திங்கள்

இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் காலையில் போன் செய்து பதிவு செய்தேன். பேசிய பெண் கெட்டிக்காரி. வண்டி எண், பாலிசி எண், நடந்த இடம், நேரம் எல்லாம் கேட்டுவிட்டு, சர்வேயர் வந்து பார்க்கும்வரை வண்டியைக் கழுவக்கூடாது, தட்டி நிமிர்த்தக்கூடாது என்றாள். படிவத்தை மெயிலில் அனுப்பினாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நிரப்பினேன். ‘விபத்து நடந்த விதம்’ என்று நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். எனக்கு ஒரு வரி போதுமானதாக இருந்தது. ‘சிக்னலில் காத்திருந்தபோது வண்டியின் பின்பக்கத்தை இடித்துக்கொண்டேன்.’ கையெழுத்து, கி. வசுமதி. அனுப்பிவிட்டேன்.

படிவம் நிரப்புவதில் என்னை மிஞ்ச எங்கள் ஆபீஸில் ஆள் இல்லை. இருபத்தெட்டு வருடமாகக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களின் பிழைகளைத் திருத்துகிறேன். இன்றும் ஒரு பெரியவர் சேமிப்புக் கணக்குப் படிவத்தில் பெயரைத் தப்பாக எழுதி ஒயிட்னர் தடவிக் கொண்டுவந்தார். தடவக்கூடாது, அழிக்கக்கூடாது, தப்பு எழுதியது தெரிய வேண்டும் என்று விளக்கினேன். ஒற்றைக் கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் தேதியும். அதுதான் முறை. மறைக்காத தப்புக்கு யாரும் எங்களைக் கேள்வி கேட்பதில்லை.

பக்கத்துக் கவுன்டர் பிரிசில்லா, என்னைவிடப் பத்து வயது இளையவள், நான் நிரப்பிய படிவத்தைப் பார்த்துவிட்டு, “என்னக்கா, இந்தத் தடவை கார் கதவா?” என்று கேட்டாள். ஆபீஸில் நான் எதிலாவது இடித்துக்கொள்கிறவள் என்று பெயர். குளியலறைக் கதவு, அலமாரிக் கதவு, மாடிப்படிக் கைப்பிடி. கவனம் போதாது எனக்கு. எங்கள் வீட்டுக் கதவுகள் எல்லாவற்றுக்கும் என்னைத் தெரியும்.

கதவு இல்லை, பம்பர் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

பஸ். ஒன்றே கால் மணி நேரம். நின்றபடி.

ஜூன் 12, புதன்

இவர் ஷோரூமிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தார். முதலாளி கம்ப்யூட்டரில் அடிக்கச் சொல்லி அனுப்பியது. ‘மேற்படி நாளில் ஏற்றத்தில் எனது வாகனம் பின்னோக்கி உருண்டு, பின்னால் நின்ற திரு. சிவநேசன் அவர்களின் வாகனத்தின் மீது மோதியது. இதில் தவறு முழுவதும் என்னுடையது.’ கீழே என் பெயரும் கையெழுத்துக்குக் கோடும்.

முதலாளி இந்த வருடம் ஏற்கெனவே இரண்டு முறை எங்கோ இடித்து கிளெய்ம் வாங்கியிருக்கிறாராம். மூன்றாவது என்றால் அவருடைய கம்பெனி ஆயிரம் கேள்வி கேட்குமாம். தப்பு எதிராளி மேல் என்று கடிதம் இருந்தால் பிரச்சினை இல்லையாம். அடுத்த செவ்வாய்க்குள் வேண்டுமாம், இல்லாவிட்டால் இவருடைய வேலைக்கே ஆபத்தாம். கையோடு காரை விற்றுவிடலாம், ஷோரூம் கணக்குப்பிள்ளையின் மச்சான் கேட்கிறார், இடிபட்ட வண்டி என்றாலும் எடுத்துக்கொள்வார் என்று இவர் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்திருந்தார்.

கை பிரேக் போட்டிருந்தேனே என்றேன்.

“நீதானடி போன்ல சொன்ன, இடிச்சுக்கிட்டேன்னு. நான் சொன்னேனா?”

அது உண்மைதான். நான்தான் சொன்னேன். தாளை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, பறக்காமல் இருக்க ரிமோட்டை மேலே வைத்தார்.

ஜூன் 13, வியாழன்

சிலிண்டர் வந்தது. தாள் அங்கேயே இருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

சர்வேயர் வந்தார். காலையில் வருவதாகச் சொல்லியிருந்ததால் அரை நாள் லீவு. இவரும் ஷோரூமுக்குப் போகாமல் இருந்தார். வந்தவர் பெயர் அமலதாஸ், ரிடையராக ஒன்றிரண்டு வருடம் இருக்கும் போல, சட்டைப் பையில் சின்ன டார்ச். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்துக் காரின் அடியைப் பார்த்தார். அப்படிப் பார்ப்பார் என்று நினைக்கவில்லை. எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு, டிக்கிக்குள் விரித்திருந்த கார்ப்பெட்டைத் தூக்கி, டார்ச் அடித்து, விரலால் தடவினார். போட்டோ எடுத்தார்.

இவர் பக்கத்தில் போய், ஏற்றத்தில் பின்னால் உருண்டுவிட்டது சார், லேடீஸ் டிரைவிங் என்று சொன்னார். சிரித்தார். அமலதாஸ் பதிலுக்குச் சிரிக்கவில்லை.

“உருண்டு வந்து தட்டினா பம்பர்ல கீறல் விழும் சார். மிஞ்சினா கிளிப் ஒடையும். இங்க டிக்கி தளமே மடிஞ்சிருக்கு. வேகமா வந்து அடிச்சாத்தான் இப்படி மடியும்.”

பிறகு என்னுடைய படிவத்தை எடுத்துக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். திரும்பவும் படித்தார்.

“அம்மா, இதுல இடித்துக்கொண்டேன்னு எழுதியிருக்கீங்க. படிச்சா நீங்க போய் எதுலயோ இடிச்ச மாதிரி இருக்கு. நீங்களா இடிச்சுக்கிட்டீங்களா, உங்களை இடிச்சாங்களா?”

இவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தோளுக்குத் தோள். நான் மடிந்த தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உருண்டா இப்படி மடியாது. இதே மாதிரி ஒரு வாக்கியத்தை இன்னொருவரும் என்னிடம் சொல்லியிருக்கிறார், ஒரு எலும்பு டாக்டர், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு. கதவுல இடிச்சா இப்படி முறியாதேம்மா என்றார். அப்போதும் இவர் பக்கத்தில்தான் நின்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அமலதாஸ் இவரை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை. விபத்து நடந்த விதத்தைத் திருத்தி எழுதிக் கொடுப்பதானால் செவ்வாய் மதியத்துக்குள் அவருடைய ஆபீஸில் கொடுக்கலாம், வண்டியின் சொந்தக்காரர் நேரில் வர வேண்டும், வேறு யாரும் வர வேண்டிய அவசியம் இல்லை என்றார். கடைசி வாக்கியத்தை மெதுவாகச் சொன்னார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

ஜூன் 15, சனி

கையெழுத்துப் போட மாட்டேன் என்று நேற்று மாலை சொன்னேன். அலமாரிக் கதவில் உதடு

ஜூன் 16, ஞாயிறு

நேற்றைய வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. பேனாவில் மை இருக்கிறது. கை வலிக்கவில்லை. எத்தனையோ முறை எழுதிய வாக்கியம்தான், கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். ‘இடித்துக்’ வரையாவது வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

உதடு இடது பக்கம் வீங்கியிருக்கிறது. மோர் சாதம்.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத், ஆபீஸ் விடுமுறை. மது ஓசூரிலிருந்து போன் செய்தாள். வீடியோவில் வா என்றாள். கேமரா சரியில்லை என்றேன். கார் என்னம்மா ஆச்சு என்று கேட்டாள். வழக்கமான வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. நிறுத்தி, வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன். “ஒருத்தர் பின்னாடி வந்து இடிச்சிட்டார்.”

சொல்லிவிட்டு எனக்கே வியப்பாக இருந்தது. எவ்வளவு சுலபமான வாக்கியம். எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது. யார் செய்தது என்று தேட வேண்டியதில்லை.

காலைச் சுட்டுக்கொண்டேன், விரலை வெட்டிக்கொண்டேன் என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். அதில் தப்பில்லை. ஆனால் நான் அந்தக் ‘கொண்டேன்’ என்பதில் வேறொருவரையும் மறைத்து வைத்துக்கொண்டேன். என்னுடைய பழக்கம் கார் வரைக்கும் வந்துவிட்டது. யாரோ ஒருவர் போனில் பேசிக்கொண்டே வந்து இடித்ததற்கும் நானே பொறுப்பு ஏற்று, கையெழுத்தும் போட்டிருக்கிறேன். நினைக்க நினைக்கக் கோபம் வருகிறது. சிவநேசன் மேல் இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

காலையில் பிரிசில்லா என் உதட்டைப் பார்த்தாள். இந்த முறை எந்தக் கதவு என்று கேட்கவில்லை. ஸ்டாம்ப் பேடைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நானே சொன்னேன். “கதவு இல்ல பிரிசில்லா. அடிச்சார்.”

“தெரியும்க்கா. நீங்க சொல்லட்டும்னுதான் கதவைப் பத்திக் கேட்டுக்கிட்டே இருந்தேன்” என்றாள். அதற்குள் கவுன்டரில் ரெஜிஸ்டர் தபாலுக்கு நான்கு பேர் நின்றுவிட்டார்கள். இருவரும் வேலையைப் பார்த்தோம். நான் முத்திரை குத்தியதில் இரண்டு தெளிவாக விழவில்லை, மறுபடி குத்தினேன்.

மதியம் அவளுடைய ஸ்கூட்டரில் அமலதாஸின் ஆபீஸுக்குப் போனேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு சிறிய அறை. என் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். பழைய வரியை ஒற்றைக் கோட்டால் அடித்தேன். மேலே எழுதினேன்: ‘சிக்னலில் கை பிரேக் போட்டு நின்றிருந்த என் வண்டியைப் பின்னாலிருந்து வந்து திரு. சிவநேசன் இடித்தார்.’ பக்கத்தில் சின்னக் கையெழுத்து, தேதி. உடைந்த விளக்குத் துண்டுகளையும் பையோடு கொடுத்தேன். துண்டு வேண்டாம்மா, வார்த்தை போதும் என்றார். என் திருத்தத்தைப் பார்த்து, முறையா அடிச்சிருக்கீங்களே, எந்த டிபார்ட்மென்ட் என்று விசாரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை எழுதாமல் விட மனமில்லை.

மாலையில் பிரிசில்லாவைக் காபிக்கு என்று வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் ஆபீஸிலிருந்து ஒருவரை வீட்டுக்கு அழைத்தது இதுதான் முதல் முறை. இவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டதைச் சொன்னேன். எழுந்தார். பிரிசில்லா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள், டம்ளரைக் கீழே வைத்தாள். இவர் கை பாதி தூரம் வந்து நின்றது.

“இனிமே எது நடந்தாலும் நடந்தபடிதான் எழுதுவேன்” என்றேன். “யார் கேட்டாலும், எங்க கேட்டாலும்.”

இவர் கையை இறக்கி, அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில், கார் சாவிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வெளியே போனார். பிரிசில்லா இன்னொரு காபி கேட்டாள். ஒன்பது மணிவரை இருந்தாள்.

ஜூன் 20, வியாழன்

ஒர்க்ஷாப்பிலிருந்து வந்து வண்டியை எடுத்துப் போனார்கள். இவர் சாவியைக் கொடுக்கவில்லை. என் பீரோவில் இரண்டாவது சாவி இருந்தது, வாங்கிய நாளில் பழைய சொந்தக்காரர் கொடுத்தது. இவருக்கு அது தெரியாது. எனக்கும் இந்த வாரம்தான் நினைவு வந்தது.

ஜூன் 22, சனி

ஆசாரி வந்தார். மதுவின் அறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு பெரிய தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். எதுக்கும்மா இவ்ளோ பெருசு என்றார். பெரிதாகவே இருக்கட்டும் என்றேன். என் துணிகளையும் தையல் மெஷினையும் அந்த அறைக்கு மாற்றிவிட்டேன்.

பாவம் கதவுகள். இத்தனை வருடம் என்ன பழி சுமந்தன.

ஜூன் 25, செவ்வாய்

ஷோரூமில் என்ன நடந்தது என்று இவர் தானாகச் சொன்னார், தட்டைப் பார்த்துக்கொண்டு. ஒன்றும் நடக்கவில்லையாம். முதலாளி, சரி விடுங்க, என் பாலிசியிலேயே பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டு மார்பிள் லோடு பற்றிப் பேசப் போய்விட்டாராம். அந்தக் கடிதத்தைப் பற்றி அவருக்கு மறந்தே போயிருந்ததாம். இவருடைய வேலைக்கு எந்த ஆபத்தும் இல்லை.

சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. இரண்டையும் சமையலறையில் முடித்துக்கொண்டு ரசம் ஊற்றினேன்.

ஜூன் 27, வியாழன்

ஓசூருக்கு மாற்றல் கேட்டு மனு கொடுத்தேன். கிடைக்க ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். மனுவில் காரணம் என்ற இடத்தில் ‘மகளுடன் வசிக்க’ என்று எழுதினேன். அது பொய்யில்லை.

ஜூன் 29, சனி

கிளெய்ம் பாஸாகிவிட்டது. ஒர்க்ஷாப்பில் போய் வண்டியை எடுத்தேன். புது பம்பர், புது விளக்கு. டிக்கி ஒரு விரலால் மூடுகிறது. பெயின்ட் ஒரு நூல் அடர்த்தியாக இருக்கிறது, வெயில் பட்டால் சரியாகிவிடும் என்று மெக்கானிக் சொன்னார். டெலிவரி தாளில் ‘உரிமையாளர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அதே சிக்னல் வழியாக வந்தேன். நின்றேன். கை பிரேக். ஐம்பத்திரண்டிலிருந்து ஒன்று வரை எண்ணி முடித்துப் பச்சை விழுந்தது.

சாவியை ஆணியில் மாட்டவில்லை. கைப்பையில் இருக்கிறது.

ஜூன் 30, ஞாயிறு

இவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய டைரி ஒன்றை எடுத்தேன். 2009. டைரி எழுதத் தொடங்கிய பிறகு ஒரு வருடம்கூட விட்டதில்லை, ஆபீஸ் பதிவேட்டைப் போல ஒழுங்காக எழுதியிருக்கிறேன். அதனால் மார்ச் 3-ஐக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. அன்று செவ்வாய். மதுவுக்குப் பத்து வயது.

‘குளியலறைக் கதவில் இடது கையை இடித்துக்கொண்டேன். மாவுக்கட்டு. மூன்று வாரம் லீவு. மதுவுக்குக் கணக்குப் பரீட்சை.’

டாக்டரிடம் பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது, இவர் பக்கத்தில் நின்றார். ஆபீஸில் பொய் சொன்னதற்கு வெட்கம் காரணம். ஆனால் இது யாரும் படிக்காத நோட்டு. இதில் யாருக்குப் பயந்து எழுதினேன் என்று வெகு நேரம் யோசித்தேன்.

ஒயிட்னர் தடவக்கூடாது. தப்பு எழுதியது தெரிய வேண்டும். ஸ்கேல் வைத்து முதல் வாக்கியத்தின் மேல் ஒற்றைக் கோடு போட்டேன். இவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை; எங்கள் வீட்டில் யாரும் கணவன் பெயரைச் சொன்னதில்லை. படிவங்களில் மட்டும் எழுதுவேன். இன்று கோட்டுக்கு மேலே எழுதினேன், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன்:

‘ஞானசேகரன் என் இடது கையை முறுக்கி உடைத்தார்.’

பக்கத்தில் சின்னக் கையெழுத்து. கி. வ. இன்றைய தேதி.

பிறகு இந்த டைரியில் ஜூன் 15-க்குத் திரும்பினேன். பாதியில் நின்றிருந்த ‘அலமாரிக் கதவில் உதடு’ என்பதைக் கோடு போட்டு அடித்து, அதையும் முடித்து வைத்தேன்.

மற்ற வருடங்கள் பரண்மேல் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. பக்கத்து வீட்டில் ஏணி கேட்டிருக்கிறேன். சாயங்காலம் தருகிறேன் என்றார்கள்.